பங்கருக்குள்ளிருந்து உனக்காக வேண்டியது

இன்று காலை பலாலியில் இறங்கப்போகும் பயணிகள் விமானம் ஒன்று எங்கள் வாழைத்தோட்டங்களுக்கு மேலே தாழ்ந்து சென்றது. பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் முற்றத்துக்கு ஓடிவந்து கை காட்டினார்கள். நான் கதவு நிலையைப் பிடித்தபடி சத்தம் முழுதாக ஓயும்வரை நின்றேன். பிறகு உனக்கு எழுத உட்கார்ந்தேன். எழுதும் உரிமை எனக்கு உண்டா என்பதில் இப்போதும் தெளிவில்லை.

அனுராதபுரத்தில் உன் அப்பாவும் நானும் ஒரே அரசாங்கக் கந்தோரில் கிளாக்கர்களாக வேலை செய்தோம். சிங்களம் பேசும் உங்கள் வீட்டு முன்னறையில் வாடகைக்கு இருந்தேன். என் சைக்கிள் பாரில் அமர்ந்து, என்னிடம் கற்ற தமிழில், "மாமா, கெதியா ஓடுங்கோ!" என்று கத்துவாய். நான் பிரேக்கைப் பிடிப்பேன். "மாமா சரியான பயந்தாங்கொள்ளி!" என்பாய்.

தமிழருக்கு எதிரான கலவரத்துக்குப் பிறகு நான் வடக்கே என் ஊருக்குத் திரும்பினேன். போர்க்காலத்தில், கொழும்புக்குப் போய்வந்த ஒருவரிடம் உன் அப்பா செய்தி சொல்லி அனுப்பியிருந்தார்: நீ விமானப்படையில் விமானி. மனைவிக்கு மட்டும் சொன்னேன். "ஒருத்தரிட்டையும் உதைக் கதைக்காதேங்கோ," என்றாள்.

அதன்பின் விமானம் வரும்போதெல்லாம், மகளை நடுவில் வைத்துக்கொண்டு, முற்றத்தில் வெட்டிய பதுங்குகுழியான பங்கருக்குள் குந்தியிருப்போம். தலையில் மண் உதிரும். மகள் என் இடுப்புச் சாரத்தைப் பற்களால் கடித்துக்கொண்டிருப்பாள். முதலில் அவளுக்காக வேண்டுவேன். இரைச்சல் தூரப் போனதும், மேலே இருப்பது நீயென்றால் பத்திரமாகப் போய் இறங்கவேண்டுமென்று வேண்டுவேன். பத்திரமாகப் போகும் விமானம் நாளைக்கும் வரும். தெரிந்துகொண்டுதான் வேண்டினேன்.

ஒரு பிற்பகல், கடற்பக்கமாக ஒரு விமானம் புகைந்துகொண்டு விழுந்தது. ஊரில் வெடி கொளுத்தினார்கள். மின்சாரம் இல்லாத காலம். மறுநாள் சைக்கிளைக் கவிழ்த்துவைத்து, கையால் பெடலைச் சுற்றி, டைனமோவில் வானொலி கேட்டேன். உன் பெயரை வாசித்தார்கள். என் கை நின்றது, வானொலியும் நின்றது.

உறவில் ஒரு சாவு காதில் விழுந்தால் நாங்கள் தலை முழுகுவது வழக்கம். எப்படிக் கிணற்றடிக்குப் போனேன் என்று தெரியாது. இரண்டு வாளி வார்த்தபின்தான் வேலிக்கு அப்பால் அயல்வீட்டுக்காரர் நிற்பதைக் கண்டேன். அந்த மாதந்தான் தம்பியை விமானக் குண்டுக்குப் பறிகொடுத்தவர்.

"என்ன கிளாக்கர், ஊர் வெடி கொளுத்துது, நீங்கள் செத்தவீட்டுக்குப் போய்வந்த ஆள் மாதிரி முழுகுறியள்?"

வாளியை மறுபடி நிரப்பினேன். உண்மையைச் சொன்னால் அவரை அறைவது போலாகும். அது எந்தக் காதுக்குப் போகும், இயக்கக்காரர் யார் வந்து என்னை விசாரிக்கக் கூட்டிப்போவார்கள் என்றும் பயந்தேன்.

"காய்ச்சல் விட்டு இண்டைக்குத்தான் முழுகுறார்," என்றாள் மனைவி, பின்னாலிருந்து.

"காய்ச்சலோ? அது நேற்றையான் சத்தத்துக்கு வந்த நடுக்கம், அக்கா!" சிரித்துக்கொண்டு போனார்.

மனைவி என் கையிலிருந்த வாளியை வாங்கித் தன் தலையிலும் வார்த்துக்கொண்டாள். உன்னை ஒருநாளும் கண்டிராதவள்.

அவளும் இப்போது இல்லை. அந்தத் தம்பிமேல் விழுந்த குண்டு உன்னுடையதா என்று கேட்க எனக்கு ஆளில்லை. இருந்தாலும் கேட்டிருப்பேனோ தெரியாது. உன்னை நினைக்கும்போது அவன் முகமும் வருகிறது. அவனை விலக்கிவிட்டு உன்னை மட்டும் நினைக்க முடியவில்லை. அவனுக்காக உன்னை மறக்கவும் முடியவில்லை, மகனே.