மூன்றாவது நோட்டில் போன கப்பல்

என் நைனாவுக்கு,

நீ போய் ஐந்து மாதம் ஆகிறது. சித்தூரில் மாங்கூழ் ஃபேக்டரியை இந்த சீசனுக்குத் திறந்துவிட்டார்கள். பாய்லர் ரூமில் உன் இடத்தில் வேறு ஆள். நான் திருப்பதியில் ஆபீஸ் முடிந்ததும் உன் கப்பலைத் தேடிக்கொண்டிருக்கிறேன்.

கடலோரத்தில் ஒரு நாள்கூடத் தங்காத மனுஷன் நீ. விக்டோரியா ராணி காலத்தில் மரத்தால் கட்டிய நீராவிப் பீரங்கிக் கப்பல் ஒன்றின்மேல் உனக்கு அப்படி என்ன பைத்தியம்? அதன் பாய்லரும் உன் பாய்லரும் ஒரே வம்சம் என்பாய். அது எந்தத் துறைமுகத்துக்குப் போனது, எங்கே ரோந்து சுற்றியது, எப்போது பழுதானது, எல்லாவற்றையும் ஃபேக்டரியில் ஷிஃப்டுக்கு ஷிஃப்ட் பாய்லர் கணக்கு எழுதி மீந்த லாக் நோட்டில்தான் எழுதினாய். நீராவி, தண்ணீர், எரிபொருள் என்று அதே கட்டங்களில்.

கடைசியாக போனில் சொன்னாய்: "நம்ம கப்பல் கடைசில இன்னா ஆச்சுன்னு கண்டுபுடிச்சிட்டேம்மா. மூணாவது நோட்ல எழுதிட்டேன். ஞாயித்துக்கெழம வா, படிச்சிக் காட்றேன்."

"அடுத்த வாரம் வர்றேன் நைனா" என்றேன். சனிக்கிழமையே நீ போய்விட்டாய்.

பாடையில் கிடத்தியபோது அத்தை சொன்னாள்: "எங்கண்ணன் வேல செஞ்ச நோட்டு ஒண்ணு கூடவே போவட்டும். மேல வெச்சி உடு." மேசையில் இருந்த பழைய நோட்டுகளில் மேலே கிடந்ததைப் பிரித்தேன். நீராவி, தண்ணீர், எரிபொருள். ஃபேக்டரி நோட்டு என்று நினைத்து உன் நெஞ்சின்மேல் நானே வைத்தேன். காரியம் முடிந்து தேடினால் கப்பல் நோட்டு இரண்டுதான் இருந்தது.

நானே எரித்துவிட்டேன் நைனா. இதை யாரிடம் போய்ச் சொல்வேன்?

இரண்டாவது நோட்டு ஓர் ஆற்று முகத்துவாரத்தில் நின்றுவிடுகிறது. மணல்திட்டில் தட்டியது, பாய்லரில் விரிசல், நீராவி பூஜ்ஜியம். அப்புறம்? மறுபடி மிதந்ததா, உடைத்து விறகாக்கினார்களா? வெளிநாட்டு ஆவணக் காப்பகத்துக்கு மூன்று முறை எழுதினேன். அந்தக் காலத்துக் காகிதங்கள் தங்களிடம் இல்லை என்கிறார்கள். நீ யாரைக் கேட்டாய்? ஒரு துண்டுச் சீட்டாவது விட்டுப் போயிருக்கக் கூடாதா? என்னால் முடியவில்லை. பஸ்ஸில் உட்கார்ந்தாலும் அந்தத் திட்டில்தான் நிற்கிறேன்.

நேற்று அந்தக் கடைசிப் பக்கத்தை மறுபடி பார்த்தேன். உன் கையெழுத்துக்குக் கீழே 'பொறுப்பேற்றவர்' என்ற கட்டம் காலியாக இருந்தது. ஃபேக்டரியில் அடுத்த ஷிஃப்ட் ஆள் அதில் கையெழுத்துப் போடாமல் நீ ஒரு நாளும் பாய்லரை விட்டு நகர்ந்ததில்லை. அம்மா சோறு போட்டுவிட்டுக் காத்துக்கொண்டே இருப்பாள்.

அந்தக் கட்டத்தில் நான் கையெழுத்துப் போட்டுவிட்டேன். கப்பல் என்ன ஆனது என்று தெரியும்வரை இந்த இடத்தை விட்டு நகர மாட்டேன். நீ வீட்டுக்குப் போ நைனா.

அடுத்த ஷிஃப்டில் இருக்கும்
உன் மகள் கலா