மாற்றாகக் கைகாட்ட ஓர் ஊர்

நேற்று காலை மக்கள்தொகைக் கணக்கெடுக்க ஒரு டீச்சர் வந்து, நான் இப்போது குடியிருக்கும் இந்த வேங்கிக்கால் வீட்டு நிலைக்கு மேலே கறுப்பு மார்க்கரால் எண் எழுதிவிட்டுப் போனார். மதியம் வரை வாசலில் மை வாசனை. பக்கத்து வீட்டுக்காரர் எட்டிப் பார்த்து, கணக்கு முடிந்ததும் சட்டமன்றத் தொகுதிகளை மறுபடி பிரிப்பார்களாமே என்றார். இருக்கலாம் என்று சொல்லிவிட்டு உள்ளே வந்தேன். உன் நினைவு வந்துவிட்டது. நீ போய் இரண்டு ஆடி ஆகிறது.

போன முறை பிரித்தபோதுதான் கீழ்பென்னாத்தூர் பேரில் புதுத் தொகுதி வந்தது. வரைவுப் பட்டியலை உன் ஜெராக்ஸ் கடையில் வைத்து, ஊர் ஊராக விரல் ஓட்டிப் பார்த்தாய். நம் ஊர் அதில் இல்லை. நிலத்தில் விளைந்த மல்லாட்டையை விற்பது, பஸ் ஏறுவது எல்லாம் கீழ்பென்னாத்தூரில். ஓட்டு மட்டும் திருவண்ணாமலைத் தொகுதிக்கு. ஊரே கொதித்தது. ஆட்சேப மனு எழுதும் வேலை, கணக்கு வாத்தியார் என்று என் தலையிலும், டைப் அடிக்கத் தெரிந்தவன் என்று உன் தலையிலும் விழுந்தது.

தொகுதிகளின் மக்கள்தொகை ஏறக்குறைய சமமாக இருக்க வேண்டும். ஓர் ஊரை உள்ளே இழுத்தால் அதே அளவில் இன்னோர் ஊரை வெளியே தள்ள வேண்டும். எதைத் தள்ளலாம் என்று கணக்குப் போட்டு நான் சொன்னது ஏரிக்கு அந்தப் பக்கத்து ஊரை. உன் அக்காவைக் கொடுத்த ஊர். மனுவில் எழுத வேண்டாம், கேட்டால் வாயால் சொல்லிக்கொள்ளலாம் என்றாய்.

கருத்துக் கேட்புக் கூட்டத்தில் மைக் உன் கையில். பள்ளிக்கூடம், பஸ், ஆஸ்பத்திரி என்று ஒன்றுவிடாமல் சொன்னாய். மேடையில் இருந்த அதிகாரி பொறுமையாகக் கேட்டுவிட்டு, "சரிங்க, உங்கள இங்க சேத்தா எந்த ஊர அங்க அனுப்பறது?" என்றார். பின்னாலிருந்து உன் சட்டையை இழுத்தேன். நீ திரும்பவில்லை.

"தெரியலைங்க ஐயா. இன்னொரு ஊர கைகாட்டி உடறதுக்கு நாங்க வரல."

மனு நிற்கவில்லை. இறுதி ஆணை வந்தபின் கோர்ட்டுக்கும் போக வழியில்லை. ஊர் உன்னைக் கரித்துக்கொட்டியது. அக்கா பாசத்தில் ஊரை விட்டுக்கொடுத்தவன் என்று முதலில் சொன்னது நான்தான். சிலர் உன் கடைக்கு வருவதையே நிறுத்தினார்கள். நீ யாரிடமும் வாதாடவில்லை, என்னிடமும்தான்.

ஆனால் உனக்குத் தெரிந்திருந்தது. கூட்டத்துக்குப் போகும்போது பஸ்ஸில் கேட்டாய், "உன் மாமனார் ஊர்ல எவ்ளோ ஜனம் இருக்கும்?" அதுவும் எல்லையோரத்து ஊர்தான். நம் ஊரோடு மாற்றிக்கொள்ள உன் அக்கா ஊரைவிட அதுதான் கச்சிதமாகப் பொருந்தியது. வீட்டில் பேச்சு வாங்க வேண்டுமே என்று கணக்கிலிருந்து அதை விட்டுவிட்டேன். "அது ரொம்ப கம்மிடா" என்றேன். ஊர்வாரி மக்கள்தொகை அட்டவணை முழுவதையும் நகல் எடுத்தவன் நீ. ம் என்று மட்டும் சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாய்.

நேற்று சாயங்காலம் ஊரிலிருந்து பஞ்சாயத்துத் தலைவர் போன் செய்தார். இந்த முறை மனுவை முன்கூட்டியே தயார் செய்ய வேண்டுமாம், கணக்கு நான்தான் போட வேண்டுமாம். உட்கார்ந்து முதல் வரியில் மாமனார் ஊரை எழுதினேன். என் மனைவி எட்டிப் பார்த்து, எங்கள் ஊரா என்று கேட்டாள். ஆமாம் என்றேன். பழைய கதையையும் சொன்னேன். அவள் திட்டவில்லை.

"கடைசி வரைக்கும் நம்ம வீட்டுக்கு வந்துட்டுப் போய்ட்டுதான இருந்தாரு. ஒரு வாட்டி அவர்கிட்ட சொல்லியிருக்கலாமில்ல?"

சொல்லியிருக்கலாம். உன்னைப் பழித்தபோது ஊருக்கே கேட்கப் பேசினேன். மன்னிப்பு மட்டும் உனக்கு எழுதும் இந்தத் தாளோடு நிற்கிறது.