எங்கெல்பெர்ட்டின் மூக்கு

மார்ச் 14

ஆரம்பித்துவிட்டது நாற்றம். எங்கெல்பெர்ட் காலையிலேயே ஆற்றோரக் காட்டுக்குப் போய், இரண்டு பை நிறையக் காட்டுப்பூண்டு இலை பறித்து வந்து சமையல் மேடையில் கொட்டினான். இனி அது பூத்து ஓயும்வரை எனக்கு விமோசனம் இல்லை. சூப்பில் இலை, மாவு உருண்டையில் இலை, ரொட்டிக்குத் தடவும் தயிர்க்கட்டியில் இலை. படுத்தால் அவன் விடுகிற மூச்சிலும் அதே இலை. கட்டின புருஷனாச்சே என்று பார்க்கிறேன், இல்லாவிட்டால் விறகுக் கொட்டகைக்குத் துரத்தியிருப்பேன்.

இதில் இவனுக்குப் பெரிய மனுஷன் என்ற பெயர் வேறு. மாதா கோவில் கூடத்தில் வருஷா வருஷம் நடக்கிற சூப் விருந்துக்கு வீட்டுக்கு வீடு இலை பறித்து வருவார்கள். மேசை போட்டு உட்கார்ந்து, கசக்கி முகர்ந்து, நல்லது என்று சொல்கிறவன் இவன்தான். இவன் சொல்லிவிட்டால் வேறு யாரும் பார்ப்பதில்லை. நேரே அண்டாவுக்குள்.

மார்ச் 17

வெண்ணெயும் நாறுகிறது. சே.

மார்ச் 21

இன்று குமட்டிக்கொண்டு வந்தது, பூண்டால் அல்ல. படுக்கையறை வரைக்கும் அழுகின முட்டை நாற்றம். மூக்கைப் பொத்திக்கொண்டு ஓடிப் பார்த்தால், எங்கெல்பெர்ட் அடுப்பு முன்னால் நிம்மதியாக நின்று அந்த முட்டையைப் பொரித்துக்கொண்டிருக்கிறான்! மேலே உப்பு வேறு தூவியிருந்தான்.

"மூக்கு என்ன செத்தா போச்சு உனக்கு?" என்று கத்தினேன். வழக்கமாகக் கத்துகிறதுதான். அவன் தொப்பியை எடுத்துக்கொண்டு வெளியே போய்விட்டான். திட்டினால் திருப்பித் திட்டுகிறவன் ஆயிற்றே — ஏன் போனான்?

மார்ச் 23

சோதித்துப் பார்த்தேன். கண்ணை மூடச் சொல்லி, தோட்டத்துப் பாலக்கீரையைக் கசக்கி மூக்கடியில் பிடித்தேன். "பூண்டு எப்படி?" என்றேன்.

"ஆஹா, என்ன காரம்!" என்கிறான். த்தூ!

"எப்பலேர்ந்து?"

"ஜனவரில காய்ச்சல் வந்துச்சே, அதுலேர்ந்து."

"அப்போ அந்த மேசையில உக்காந்து என்னத்த முகரப் போறே?"

"கண்ணு இருக்குல்ல ரோஸி. ரயில்வே வேலை போனப்புறம் எனக்குன்னு இருக்கிறது அந்த ஒரு மேசைதான்."

ஒரு மேசைக்காக ஊருக்கே விஷம் ஊட்டுவானா? பூண்டு முளைக்கிற இடத்தில் இலையுதிர்காலக் குரோக்கஸ் என்கிற விஷச்செடியின் இலையும் முளைக்கும். சூப்பில் அது விழுந்தால் ஆளையே கொன்றுவிடும். முழு இலை என்றால் கண்ணால் சொல்லலாம். பூண்டு இலைக்கு மெல்லிசாகக் காம்பு உண்டு, அடிப்பக்கம் மங்கல். விஷ இலைக்குக் காம்பு கிடையாது, இரண்டு பக்கமும் பளபளப்பு. ஆனால் இந்த ஊர்க்காரர்கள் முழு இலையாகவா கொண்டுவருகிறார்கள்? கொத்துக் கொத்தாக அறுத்து, பையில் அமுக்கி, கசங்கலாக அல்லவா வருகிறது!

"நீயே ஃபாதர்கிட்ட சொல்லிடு. இல்லேன்னா நான் சொல்வேன்" என்றேன். பூண்டு வாடையைக்கூடச் சகித்தேன். இவன் பக்கத்தில் படுக்க இன்று உடம்பு கூசுகிறது.

மார்ச் 27

சொல்லவில்லை. நாளைக்கு விருந்து.

மார்ச் 28

நான் உருளைக்கிழங்கு நறுக்குகிற சாக்கில் அவன் பக்கத்து மேசையிலேயே உட்கார்ந்தேன். அடுத்த வீட்டு ட்ராடி கூடையைக் கவிழ்த்தாள். அவன் ஒரு இலையைக் கசக்கி, கண்ணை மூடி, பெரிய மூச்சாக இழுத்து, "நல்லது" என்றான். குவியலில் ஒன்று விறைப்பாக மினுங்கியது. எடுத்து முகர்ந்தேன். பூண்டு வாசம்தான். ஆனால் அந்தக் கூடத்தில் எல்லோர் கையும் பூண்டாகத்தானே நாறும்? சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு மறுபடி கிள்ளி முகர்ந்தேன். வெறும் புல் வாசம்.

அதை அவன் முன்னால் வைத்தேன். "எங்கெல்பெர்ட், இது என்ன?"

எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். அவன் முகர்ந்தான். மறுபடி முகர்ந்தான். பிறகு இலையைக் கீழே வைத்துவிட்டு, "எனக்குத் தெரியல. ஜனவரிலேர்ந்து எனக்கு எந்த வாசமும் தெரியல" என்றான்.

"அட பாவி!" என்றாள் ட்ராடி. "போன வாரம் எங்க வீட்டு இலைய மோந்து பாத்து நல்லதுன்னியே! என் பேரப்புள்ள தின்னுச்சேடா அத!"

குழந்தைக்கு ஒன்றும் ஆகவில்லை. அது இவன் சாமர்த்தியம் இல்லை. அண்டாவில் இருந்த அத்தனையையும் குழி தோண்டிப் புதைத்தார்கள். வெறும் உருளைக்கிழங்கு சூப்தான் விருந்து. இவன் பக்கத்து நாற்காலியில் யாரும் உட்காரவில்லை. நானும்தான்.

ஏப்ரல் 9

வீட்டில் பூண்டு நாற்றமே இல்லை. அவன் காட்டுக்குப் போவதில்லை, தெருவுக்குக்கூடப் போவதில்லை. ஜன்னலோரம் அதே சட்டையோடு உட்கார்ந்திருக்கிறான். நான் பேசுவதும் இல்லை.

இன்று சாயங்காலம் அவனாகக் கேட்டான். "ரோஸி, நான் நாறுறேனா?"

ஏதோ குத்திக்காட்டுகிறான் என்று நினைத்தேன். இல்லை. நிஜமாகவே தெரியாமல் கேட்கிறான்.

"நாறுறே" என்றேன். "வேர்வை. சகிக்கல."

எழுந்து போய்க் குளித்தான். ஈரத்தலையோடு வந்து என் முன்னால் குனிந்து நின்றான். கழுத்தில் முகத்தை வைத்து முகர்ந்து பார்த்தேன். சோப்பு வாசம்.

"சரி, சாப்பிட வா" என்றேன்.