கடைசி பெஞ்சுக்குச் சுற்றுலா

பிப்ரவரி 3, செவ்வாய்

பிரஷர் மாத்திரையோடு இந்த டைரியையும் சேர்த்து எழுதிக் கொடுத்திருக்கிறார் டாக்டர். "கோவம் வந்தா கத்தாதீங்க, எழுதுங்க" என்றார். நான் வெல்டர். நாள் முழுக்க நெருப்போடு நிற்கிறவனுக்குக் கோபம் வராமல் கொட்டாவியா வரும்? சரி, எழுதித் தொலைக்கிறேன்.

இன்று பள்ளிக் குழுக் கூட்டம். எங்கள் வட்டாரத்தில் இருப்பதே மூன்று சின்னப் பள்ளிகள். மூன்றுக்கும் சேர்த்து ஐந்து பேர் கொண்ட ஒரு குழு. பெற்றோர் சார்பில் நான், ஆசிரியர்கள் சார்பில் எங்கள் பள்ளித் தலைமையாசிரியை. நாலாம், ஐந்தாம் வகுப்புகளுக்கு மேலிடம் வருடத்துக்கு இரண்டு தடவை ஒரு தேர்வு வைக்கிறது. போன தடவை நம் சராசரி நாற்பத்து நாலு. இந்தத் தடவையும் ஐம்பதைத் தொடாவிட்டால் மானியத்தைக் குறைப்பார்கள், பள்ளிகளை மூடி நகரத்தோடு சேர்த்தாலும் சேர்ப்பார்கள் என்றார் தலைவர். அவருக்கு சிமெண்டுக் கடை. எதைச் சொன்னாலும் மூட்டையை இறக்கி வைக்கிற மாதிரிதான் சொல்வார்.

வாசிக்கத் திணறுகிற பிள்ளைகளுக்குத் தனியாக ஓர் ஆசிரியர் வேண்டுமென்று மூன்று வருடமாக நானும் தலைமையாசிரியையும் மாற்றி மாற்றிக் கேட்கிறோம். இன்றும் கேட்டேன். "நிதி இல்லீங்க" என்றார் பொருளாளர். அந்த மனிதர் தூக்கத்தில் புரண்டு படுத்தாலும் அதைத்தான் சொல்வார். பள்ளி வாசலில் தலைவர் பெயரோடு இரும்பு வளைவு வைக்க மட்டும் நிதி எங்கிருந்து குதித்தது? கேட்டிருக்கலாம். ஆனால் அந்த எழுத்துகளை வெட்டி ஒட்டியவனே நான்தான், கூலியும் வாங்கியிருக்கிறேன். வாயை மூடிக்கொண்டேன்.

கடைசியில் ஒரு நல்ல காரியம் நடந்தது. சில பிள்ளைகளை உற்சாகப்படுத்த ஒருநாள் சுற்றுலா, அணைக்கட்டு வரை. பாதிச் செலவு தலைவருடையது. பேச்சே இல்லாமல் நிறைவேறிவிட்டது. முதலில் கை தூக்கியது நான்.

பிப்ரவரி 9, திங்கள்

வாலு சுற்றுலாவுக்குத் தேர்வாகியிருக்கிறாள்! வீட்டில் அவளை அப்படித்தான் கூப்பிடுகிறோம், குதிப்பது மட்டும்தான் அவளுக்கு நன்றாக வரும் என்பதால். நாலாம் வகுப்பு படிக்கிறாள். ஒரு வரியை வாசிப்பதற்குள் வியர்த்துவிடும். ஓட்டப் பந்தயம், பாட்டு, நாடகம் என்று எதிலும் இதுவரை அவள் பெயரை யாரும் கூப்பிட்டதில்லை. இன்று டீச்சர் கூப்பிட்டாராம். அந்தக் கதையை எனக்கும், அவள் அம்மாவுக்கும், வாசலில் வந்த கூரியர்காரருக்கும் சொல்லிவிட்டாள். பெரியவன்தான் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டு திரிகிறான்.

பிப்ரவரி 10, செவ்வாய்

கத்தவில்லை, எழுதுகிறேன்.

சாயங்காலம் வாலு பட்டறைக்கு வந்தாள். "உன்கூட யார் யாரு வர்றாங்க?" என்று சும்மாதான் கேட்டேன்.

"எங்க பெஞ்சு முழுசும் போறோம்ப்பா! ஒருத்தரையும் விடல!"

அவள் உட்காருவது கடைசி பெஞ்சு.

"மத்த பசங்க?"

"அவங்க பாவம்ப்பா. அன்னிக்கு அவங்களுக்கு டெஸ்ட்டு."

கையிலிருந்த வேலையை அப்படியே போட்டுவிட்டு என் மச்சானுக்குப் போன் செய்தேன். சுற்றுலா பஸ்ஸை ஓட்டப்போவது அவன்தான். மற்ற இரண்டு பள்ளிகளில் ஏறுகிற பிள்ளைகள் யாரென்று கேட்டேன். "அங்கயும் படிப்பு வராத பசங்கதான்னு சொன்னாங்க மாமா. நல்ல மனசு இல்ல தலைவருக்கு?" என்றான்.

நல்ல மனசு! மூன்று பள்ளியின் கடைசி பெஞ்சுகளையும் ஒரே பஸ்ஸில் ஏற்றித் தேர்வன்று ஊரைவிட்டே கடத்துகிறார்கள். அதற்கு முதலில் கை தூக்கிய முட்டாள் — நான்.

பிப்ரவரி 11, புதன்

தலைமையாசிரியையின் அறைக்குப் போனேன். அவர் மறுக்கவே இல்லை. அதுதான் இன்னும் எரிச்சல்.

"பள்ளி வேலையா வெளிய போன பிள்ளைங்க சராசரியில சேர மாட்டாங்க. விதி அப்படி. நான் எழுதின விதி இல்ல" என்றார்.

"என் பொண்ண கணக்குலயே சேக்க மாட்டீங்களா டீச்சர்?"

"பள்ளிய மூடிட்டா எல்லாப் பிள்ளைங்களும் விடியறதுக்கு முன்னாடி எழுந்து பஸ் பிடிக்கணும். உங்க பொண்ணும்தான். நான் யாரப் பாக்கறது, சொல்லுங்க?"

கெட்ட மனுஷி இல்லை. சொன்னபோது குரல் உடைந்துதான் இருந்தது. ஆனால் குரல் உடைந்தால் செய்தது சரியாகிவிடுமா? எழுந்து வந்துவிட்டேன். வழியெல்லாம் பதில்கள் வரிசை கட்டி வந்தன. எப்போதும் அப்படித்தான், வாசலைத் தாண்டிய பிறகுதான் எனக்குப் புத்தி வேலை செய்யும்.

பிப்ரவரி 12, வியாழன்

தலைவர் சிரித்துக்கொண்டே சொன்னார்: "கை தூக்கினதே நீங்கதானே?"

பிப்ரவரி 15, ஞாயிறு

வாலுவின் பெஞ்சுப் பிள்ளைகளின் வீடுகளுக்குப் போய் வந்தேன். ஊரே கொதித்து எழும் என்று நினைத்தேன். ஒரு வீட்டில் டீ கொடுத்தார்கள், அவ்வளவுதான் கொதித்தது.

பிளம்பர்தான் உடைத்துப் பேசினார். "என் பையன் முன் சீட்டுல உக்காரணும்னு தெனமும் சொல்லிட்டிருக்கான். அவன இறக்கி, டெஸ்ட்டுல உக்கார வச்சு அழ வைக்கச் சொல்றீங்களா? அவனுக்கு வராதுன்னு எனக்குத் தெரியும், அவனுக்கும் தெரியும். மேலிடத்துக்கு வேற தெரியணுமா?"

அந்தப் பையன் ஜன்னல் வழியாக என்னையே பார்த்துக்கொண்டிருந்தான், பஸ்ஸைப் பிடுங்க வந்த திருடனைப் பார்ப்பது போல.

பிப்ரவரி 17, செவ்வாய்

"நீங்களே சொல்லுங்க, என்னால முடியாது" என்று சொல்லிவிட்டு வீட்டுக்காரி அடுக்களைக்குள் போய்விட்டாள். வாலு அப்போது பையில் துணியை மடித்து வைத்துக்கொண்டிருந்தாள். ஒருநாள் பயணத்துக்கு நாலு சட்டை.

சுற்றி வளைக்காமல் சொன்னேன். நன்றாகப் படிக்காத பிள்ளைகளைத் தேர்வு எழுத விடக்கூடாது என்றுதான் இந்தச் சுற்றுலா என்றேன். சொல்லும்போதே நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது. அவள் ஒரு சட்டையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

"எனக்கு எழுத வராதேப்பா."

"வரலன்னே எழுதிட்டு வா. நீ அந்த வகுப்புல இருக்கேன்னு அவங்களுக்குத் தெரிஞ்சாப் போதும்."

"மத்தவங்க எல்லாம் போறாங்களே?"

பெற்ற பிள்ளையின் முதல் சந்தோஷத்தைப் பிடுங்கிக்கொண்டு பெரிய நியாயவாதி மாதிரி நின்றேன். தலைவர் மேல் இருக்கிற கோபத்துக்கு இவளைப் பலி கொடுக்கிறேனா? தெரியவில்லை. ஆனால் என் பிள்ளையை யாரும் கூட்டிப் பெருக்கி மூலையில் தள்ள முடியாது. முடியாதுன்னா முடியாது.

பிப்ரவரி 19, வியாழன்

காலையில் நானே பள்ளியில் கொண்டுவிட்டேன். பஸ் புறப்பட்டது. அவள் பெஞ்சு முழுவதும் ஜன்னலில் தொங்கிக்கொண்டு இவளுக்குக் கையாட்டியது. இவளும் ஆட்டினாள். மச்சான் என் பக்கம் திரும்பவே இல்லை.

பிறகு வகுப்புக்குள் எட்டிப் பார்த்தேன். அவ்வளவு நீள பெஞ்சில் ஒரு ஓரமாக உட்கார்ந்திருந்தாள், பக்கத்தில் ஆள் இருக்கிற மாதிரி இடம் விட்டு.

பிப்ரவரி 21, சனி

இன்றும் என்னோடு பேசவில்லை.

ஏப்ரல் 13, திங்கள்

முடிவு வந்துவிட்டது. சராசரி ஐம்பத்து மூன்று. தலைவர் ஸ்வீட் பெட்டியைத் திறந்து வைத்துக்கொண்டுதான் கூட்டத்தையே ஆரம்பித்தார்.

"மூணு பள்ளியிலயும் சேத்து முப்பதுக்குக் கீழ வாங்கினது ஒரே ஒரு பிள்ளைதான்!" என்றார். கை தட்டினார்கள். அந்த ஒரே ஒரு பிள்ளையைப் பெற்றவன் மேசைக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்திருக்கிறான் என்ற நினைப்புகூட இல்லை.

அதோடு விட்டாரா? மேலிடத்தின் சுற்றறிக்கையையும் வாசித்தார். எந்தத் தேர்விலாவது முப்பதுக்குக் கீழே வாங்கிய பிள்ளைகள் பத்துப் பேராவது இருக்கிற வட்டாரத்துக்கு, வாசிப்பு சொல்லித்தர ஓர் ஆசிரியரை இந்த வருடம் முதல் அவர்களே அனுப்புகிறார்களாம். சம்பளமும் அவர்களே தருகிறார்களாம். "நமக்கு அந்த அவசியமே இல்லாமப் போச்சு" என்று பெருமையாக முடித்தார்.

மூன்று வருடமாகக் கேட்ட ஆசிரியர்! சும்மா கொடுக்கிறார்கள், கையை நீட்டினால் போதும். நீட்ட வேண்டிய பிள்ளைகளை அணைக்கட்டில் கொண்டுபோய் விட்டுவிட்டு வந்திருக்கிறோம். சொந்தக் காசில் வேறு!

மேசையை ஓங்கித் தட்டினேன். "அந்த ஒண்ணு என் பொண்ணுங்க. மத்தவங்க எங்க? அவங்களுக்கு ஒரே நாள்ல வாசிக்க வந்துடுச்சா?" பொருளாளர் ஸ்வீட்டை வாயில் வைத்தபடியே நின்றார். விழுங்கவா துப்பவா என்று தெரியவில்லை போலும்.

வெளியே வந்து தலைமையாசிரியையைக் கேட்டேன். உங்களுக்கு முன்பே தெரியுமா?

"தெரிஞ்சிருந்தா அந்த பஸ்ஸ வாசல்ல நிக்க விட்டிருப்பேனா?" என்றார். அவர் கண் கலங்கியிருந்தது. இந்தத் தடவை எனக்கு அவர் மேல் கோபம் வரவில்லை.

ஏப்ரல் 15, புதன்

யாரோ வகுப்பில் சொல்லியிருக்கிறார்கள். வாலு வந்ததும் செருப்பைக்கூடக் கழற்றாமல் கேட்டாள்.

"மூணு ஸ்கூல்லயும் நான் மட்டும்தானாப்பா?"

இல்லம்மா, அப்படி இல்லம்மா என்று ஏதேதோ உளறினேன். அவள் கேட்கவில்லை. படுபாவிகளா. படிப்பு வராத பிள்ளை என்று மறைக்கப் பார்த்தீர்கள். மறைக்க முடியாமல் போனதும் ஊரிலேயே ஒரே மக்கு என்று நிறுத்திவிட்டீர்கள். இதில் என் பங்கும் இருக்கிறது, அவளை அங்கே தனியாக உட்கார வைத்தவன் நான். எத்தனை மாத்திரை போட்டாலும் இது இறங்காது.

ஏப்ரல் 19, ஞாயிறு

மறுபடி வீடு வீடாகப் போனேன், இந்தத் தடவை மற்ற இரண்டு பள்ளிப் பிள்ளைகளின் வீடுகளுக்கும். நியாயம் பேசவில்லை. ஆசிரியர் வரவேண்டியது, வராமல் போனது, ஏன் என்பதை மட்டும் சொன்னேன்.

பிளம்பர் பையனை வெளியே விளையாட அனுப்பினார். பிறகு, "இத அன்னிக்கே சொல்லியிருக்கலாமே" என்றார்.

"எனக்கே போன வாரம்தான் தெரியும்."

"அப்ப எதுக்கு அன்னிக்கு அவ்ளோ சண்டை போட்டீங்க?"

"கணக்குல சேக்க மாட்டேன்னு சொன்னாங்களே, அதுக்கு."

அவர் தலையை ஆட்டிக்கொண்டார். ஒத்துக்கொண்டாரா, பைத்தியம் என்று நினைத்தாரா, புரியவில்லை.

ஜூலை 7, செவ்வாய்

அடுத்த தேர்வு வருகிறது, சுற்றுலாவும் கூடவே வருகிறது. இந்தத் தடவை முழுச் செலவும் தலைவருடையது. எல்லாப் பிள்ளைகளும் எழுதினால் சராசரி நாற்பத்தைந்தைத் தாண்டாது, பள்ளிகள் போய்விடும் என்றார். பொய் இல்லை, போனாலும் போகும். அந்தப் பயம் எனக்கும் இருக்கிறது.

வேண்டாம் என்று நான் கை தூக்கினேன். கொஞ்சம் தயங்கிவிட்டுத் தலைமையாசிரியையும் தூக்கினார். மூன்றுக்கு இரண்டு. தோற்றோம்.

ஜூலை 16, வியாழன்

காலையில் பட்டறை வாசலில் பெரிய ஹாரன் சத்தம். காலி பஸ்ஸோடு மச்சான்.

"மூணு ஸ்கூல் வாசல்லயும் நின்னு பாத்துட்டேன் மாமா. ஒருத்தரும் ஏறல. பிளம்பர் பையன் மட்டும் வந்து முன் சீட்டுல கொஞ்ச நேரம் உக்காந்து பாத்தான். பெல் அடிச்சதும் இறங்கி ஓடிட்டான்."

தலைவர் அவனிடமும் கத்தினாராம். அந்த ஆளுக்கும் பிரஷர் இருக்கும்.

சாயங்காலம் வாலு வரும்வரை வேலை ஓடவில்லை. டெஸ்ட் எப்படி இருந்தது என்று கேட்கவே பயமாக இருந்தது. கேட்டேன்.

"ரொம்பக் கஷ்டம்ப்பா" என்றாள். முகமெல்லாம் சிரிப்பு. "எங்க பெஞ்சுல எல்லாருக்குமே கஷ்டமாம்!"