துடைக்காத மேஜை

என்னங்க,

தையல் கடை வேலைக்குக் கிளம்பிவிட்டேன், தனியாகத்தான். எழுப்பினால் கூடவே வருவீர்கள் என்றுதான் எழுப்பவில்லை. சாப்பாடு அடுப்பு மேல் மூடியிருக்கிறது. குழாய் ரிப்பேர்காரர் பத்து மணிக்கு வருவார்.

நேற்று நான் டீ ஊற்றும்போது கெட்டிலைப் பிடுங்கிக்கொண்டு, "விடு, உனக்குத்தான் கண்ணு தெரியலையே"ன்னு சொன்னீர்களே, மனசு இன்னும் ஆறவில்லை. கண் ஆபரேஷனுக்கு அப்புறம் சீழ் பிடித்துப் பார்வை போனது இடது கண்ணில் மட்டும்தான். வலது கண் நன்றாகவே இருக்கிறது. ஒற்றைக் கண்ணுக்குத் தூரம் பிடிபடவில்லை, அவ்வளவுதான். டம்ளர் ஓரிடம், டீ விழுவது ஓரிடம். இப்போது கெட்டில் மூக்கை டம்ளர் விளிம்பில் முட்டவைத்துவிட்டு ஊற்றுகிறேன். உங்கள் டீயும் அப்படி ஊற்றியதுதான். மேஜையைத் தடவிப் பாருங்கள். நான் துடைக்கவே இல்லை.

ஊசியில் நூல் கோக்கத்தான் இன்னும் வரவில்லை. அதுவரை கடை அக்கா கோத்துத் தருவதாகச் சொல்லியிருக்கிறார்.

டாக்டர் எனக்குச் சொட்டு மருந்தை நாலு வேளையிலிருந்து ஒரு வேளையாகக் குறைத்துவிட்டார். நீங்களும் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு என்னைக் காவல் காப்பதை ஒரு வேளையாகக் குறையுங்கள். அந்த ஒரு வேளை, சாயங்காலம் ஆறு மணி. கடை வாசலுக்கு வந்து கூட்டிப் போங்கள்.

பி.கு.: முதலில் ஊற்றிய அரை டம்ளர் டீ உங்களுக்குப் போதாதே என்று மறுபடியும் கொஞ்சம் ஊற்றினேன். இந்தச் சீட்டின் மூலையில் இருக்கும் கறை அதுதான். மேஜையில் விழவில்லை, அதனால் செல்லாது.