ஷட்டர் சட்டத்தில் நீங்கள் பூசிய கிரீஸ்

அன்பு அப்பாவுக்கு,

"இன்னும் இறுக்கமாத்தாம்ப்பா இருக்கு." அன்று நான் சொல்லாமல் விட்டது இது. கார் ஷெட்டின் ஷட்டரை மேலே தள்ளிவிட்டு, கை நிறையக் கிரீஸோடு என்னைத் திரும்பிப் பார்த்தீர்கள். "இப்ப எப்புடிப் போவுது பாத்தியா, வெண்ணெ மாதிரி!" நான் "நல்லாருக்குப்பா" என்றேன். உங்களுக்கு மூச்சு வாங்கிக்கொண்டிருந்தது. அந்த முகத்திடம் வேறு என்ன சொல்ல முடியும்?

அடுத்த வாரமே உங்கள் இதயம் நின்றுபோனது. ஷட்டரைத் தூக்கியதாலா என்று டாக்டரிடம் கேட்டேன். "அப்படியெல்லாம் சொல்ல முடியாதும்மா" என்றார். சொல்ல முடியாது என்றால் ஆம் என்றா, இல்லை என்றா?

நீங்கள் போன பிறகு ஷட்டரைத் தூக்குவது அம்மாவின் வேலையாயிற்று. அங்கன்வாடிக்குப் போகும் ஸ்கூட்டர் உள்ளேதானே நிற்கிறது. வார நாட்களில் நான் பெரம்பலூரில், வேலை செய்யும் இடத்திலேயே தங்கிவிடுகிறேன். ஷட்டர் வலது பக்கம் ஏறும். இடது பக்கம் சிக்கிக்கொண்டு கோணலாக நிற்கும்.

நம் அரியலூர்த் தெரு உங்களுக்குத் தெரியாததா? சுண்ணாம்புக்கல் லாரி ஒன்று போனால், கொடியில் காயும் துணியில் மாவு தூவியதுபோலத் தூசி படியும். நீங்கள் மாதம் தவறாமல் பூசிய கிரீஸில் அதெல்லாம் ஒட்டி, மழை ஈரத்தில் இறுகி, சட்டத்துக்குள் கல்லாகிவிட்டது. வேறு ஊரில் அந்தக் கிரீஸ் நல்லதே செய்திருக்கும். இங்கே நீங்கள் பார்த்துப் பார்த்துச் செய்ததே ஷட்டரைக் கெடுத்தது.

ஐப்பசி மழையில் ஒருநாள் காலை, பாதியில் சிக்கிய ஷட்டரை அம்மா அடியில் கைகொடுத்து அசைத்திருக்கிறாள். சட்டென்று விடுபட்டு இறங்கிவிட்டது. வலது கையில் இரண்டு விரல்கள் நசுங்கின. தையல் போட்டுக் கட்டிய கையோடு, "ஷட்டரு மேல தப்பில்லடி, நாந்தான் பாக்கல" என்றாள்.

மெக்கானிக்கைக் கூப்பிடலாம் என்றேன். அம்மா சம்மதிக்கவில்லை.

"ஒங்கப்பா வெச்ச கிரீஸுடி அது. அவரு வெரலு பட்ட தடம்கூட அப்படியே இருக்கு. எவனையும் சொரண்ட வுடமாட்டேன்."

"அடுத்த தடவ தலையில வுழுந்தா?"

"வுழட்டும். அவருகிட்ட போயிட்டுப் போறேன்."

இதற்கு நீங்களாக இருந்தால் என்ன பதில் சொல்லியிருப்பீர்கள்? நான் வெளியே போய் நின்று மெக்கானிக்குக்குப் போன் செய்தேன்.

வந்தவர் உளியால் தட்டிப் பார்த்துச் சிரித்தார். "யாருங்க இப்புடி அப்புனது? இத வெச்சு இன்னொரு ரூமே கட்டிருக்கலாம் போலருக்கே!"

"அவ அப்பா" என்றாள் அம்மா, உள்ளேயிருந்து.

அதன்பிறகு அவர் சிரிப்பை விட்டுச் சுரண்டினார். மண்ணெண்ணெய் நனைத்த துணியால் சட்டத்தைத் துடைத்தார். தளர்ந்திருந்த ஸ்பிரிங்கை முறுக்கேற்றினார். விரல் நடுவில் மாட்டாமல் பிடித்து இறக்க ஒரு கைப்பிடி வைத்தார். கிளம்பும்போது, "இனிமே கிரீஸ் வேணாங்க, தொடச்சு வுட்டாலே போதும். ஸ்பிரிங்க மட்டும் நீங்க தொட்டுறாதீங்க, கையே போயிடும்" என்றார். கருப்புக் கட்டிகளை நான்தான் அள்ளிக் குப்பையில் கொட்டினேன். அம்மா வாசற்படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஊருக்கு வரும்போதெல்லாம் சட்டத்தைத் துடைப்பேன், அப்பா. வருஷம் தவறாமல் ஆள் வைத்து ஸ்பிரிங்கைப் பார்ப்பேன். ஷட்டரை அம்மாவின் தலையில் விழ விடமாட்டேன்.

ஷட்டர் இப்போது ஒற்றைக் கையில் ஏறுகிறது. அம்மா அதைத் தொடுவதில்லை. ஸ்கூட்டரைத் தெருவிலேயே நிறுத்துகிறாள். நான் ஊரில் இருக்கும் சனிக்கிழமைகளில், காலையில் சீட்டில் படிந்த தூசியை முந்தானையால் தட்டிவிட்டு, என்னிடம் ஒரு வார்த்தை பேசாமல் கிளம்பிப் போகிறாள்.

உங்கள் பாப்பா