'எகிறினாள்' என்று எழுதிய வாரம்

நவம்பர் 4, செவ்வாய்
விடியலிலிருந்து தூறல். கம்பெனி பஸ் லேட். பேக்கிங் லைனில் செல்வியோடு தகராறு. மகனுக்குக் காய்ச்சல் என்று போன் வந்ததாம், அரை நாள் பெர்மிஷன் கேட்டாள். ஆள் இல்லை, தரவில்லை. டேபிளைத் தட்டிக் கத்தினாள். "நீயெல்லாம் இன்னா மனுஷிக்கா? உனக்குப் புள்ள இல்ல?"
எல்லார் முன்னாலும். நான் அந்த லைனுக்கு சூப்பர்வைசர். ரிப்போர்ட்டில் ஒரே வரி: செல்வி என்மேல் எகிறினாள்.

நவ. 5, புதன்
மழை. மேனேஜர் வடக்கத்திக்காரர், தமிழ் தெரியாது. "எகிறினாள் மீன்ஸ்?"
"அட்டாக், சார்."
"ஷி ஹிட் யூ?"
ஆமாம் என்று தலையை ஆட்டினேன். மதியமே அவளை கேட்டுக்கு வெளியே அனுப்பிவிட்டார்கள்.

நவ. 7, வெள்ளி
வெயில். துணி காய்ந்தது. ரேஷன் போக வேண்டும், போகவில்லை.
காலையில் வீட்டுக்காரர் கத்தினார். "கன்னுகுட்டி எகிறி வரப்பத் தாண்டிடுச்சி, புடி!" பிடித்துக் கட்டியதும் கேட்டேன், சண்டையில் எகிறுவது என்றால் என்ன என்று.
"இன்னாடி கேள்வி? நின்ன எடத்துல குதிக்கிறதுதான். கை வெச்சா அதுக்குப் பேரு அடி."
மகளின் அகராதியிலும் பார்த்தேன். எகிறு: குதி, துள்ளு. அவ்வளவுதான். அர்த்தம் தெரியாமல் சொல்லவில்லை நான். தெரிந்தேதான் சொன்னேன்.

நவ. 8, சனி
மேனேஜரிடம் போனேன். "ஷி நோ ஹிட், சார். ஐ டோல்ட் ராங்." எழுதிக் கொடுக்கச் சொன்னார். கொடுத்தேன். செல்வி திங்கள் முதல் வரலாம். எனக்கு மெமோ, சூப்பர்வைசர் வேலை போச்சு, இனி லைனில் நிற்க வேண்டும். வீட்டில் இன்னும் சொல்லவில்லை.

நவ. 9, ஞாயிறு
பஸ் பிடித்து செல்வியின் ஊரான கரியமாணிக்கம் போனேன். அவள் வீடு. பையனுக்குக் காய்ச்சல் விட்டிருக்கிறது, இட்லி தின்றுகொண்டிருந்தான். உட்காரச் சொல்லவில்லை அவள். வாசலிலேயே நின்று சொன்னேன்.
"நீ அடிச்சன்னு நான்தான் சொன்னன், செல்வி. தப்பு. நாளைக்கி வேலைக்கு வா."
"தெரியும்க்கா. அன்னிக்கு நெஜமாவே உன்ன அடிக்கணும் போலதான் இருந்துச்சி. கைய மடக்கிகினு நின்னன்."
"வரேன். உன் லைன்ல மட்டும் என்ன நிறுத்தாத."
நிறுத்துவது இனி நான் இல்லை என்று வாய் வரைக்கும் வந்தது. சொல்லவில்லை. சரி என்று மட்டும் சொல்லிவிட்டு பஸ் ஏறினேன்.